நேரா போங்கன்னா எங்க போறது? 'ஸ்ட்ரெய்ட் அஹெட்'டும் எங்க ஊர் மேக்கும் கெழக்கும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் சென்னையில இருந்து சிவகாசிக்கு பட்டாசு வாங்க கார்ல வந்தான். விருதுநகர் வந்ததும் போன்ல சிக்னல் போயிருச்சு. ரோட்டோரம் டீக்கடையில ஒரு பெரியவர்கிட்ட வழி கேட்டிருக்கான். அவர் சொன்னது இதுதான்: "நேரா தெக்க போய்யா, பாலம் தாண்டி மேக்க திரும்பு, அங்கிட்டு இருந்து நெடுக போ, எதுத்தாப்புல வந்துரும்."

இவன் எனக்கு போன் பண்ணி, "மச்சான், அவர் நாலு தடவை ஸ்ட்ரெய்ட்டுன்னு சொல்றாருன்னு நினைக்கிறேன், ஆனா நாலும் வேற வேற வார்த்தை. இதுல எது ஸ்ட்ரெய்ட்?"னு கேட்டான்.

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. ஏன்னா இதே கேள்வி என் வாழ்க்கையில ஒரு தடவை ரொம்ப சீரியஸா வந்திருக்கு. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான். 'ஸ்ட்ரெய்ட் அஹெட்'னு இங்கிலீஷ்ல சொல்ற ஒரு சாதாரண வார்த்தை. அதுக்கு தமிழ்ல எத்தனை சொல் இருக்கு, எது எப்போ சரி, தப்பா சொன்னா என்ன ஆகும்.

ரெண்டு வார்த்தை, ரெண்டு அர்த்தம்

முதல்ல இங்கிலீஷைப் பிரிச்சுப் பார்ப்போம். 'ஸ்ட்ரெய்ட்'ங்கறது ஒரு கோட்டோட வடிவம். வளையாம, மடங்காம போறது. 'அஹெட்'ங்கறது உங்க மூஞ்சி இருக்குற பக்கம். ரெண்டும் ஒண்ணு இல்ல. நீங்க ஸ்ட்ரெய்ட்டா பின்னாடியும் போகலாம். ரிவர்ஸ் கியர் போட்டா அதுதான் நடக்குது. அதே மாதிரி உங்களுக்கு அஹெட்ல ஒரு விஷயம் இருக்கலாம், ஆனா அங்க போற ரோடு பாம்பு மாதிரி வளைஞ்சு போகலாம்.

நாம இங்க பேசற இங்கிலீஷ்ல 'கோ ஸ்ட்ரெய்ட்'தான் பழக்கம். பிரிட்டன்ல 'ஸ்ட்ரெய்ட் ஆன்'னு சொல்றது அதிகம். அமெரிக்காவுல 'ஸ்ட்ரெய்ட் அஹெட்'. மூணுக்கும் வேலை ஒண்ணுதான்: திரும்பாம போ. 'டெட் அஹெட்'னு ஒண்ணு இருக்கு, கப்பல்காரங்க வழியா வந்தது. அங்க 'டெட்'னா செத்ததுன்னு அர்த்தம் இல்ல, இம்மி பிசகாம துல்லியமாங்கறது அர்த்தம். 'ஸ்ட்ரெய்ட் அவே'ன்னா திசையே கிடையாது, உடனேன்னு அர்த்தம். 'கோ அஹெட்'னா பெரும்பாலும் நடக்கச் சொல்றது இல்ல, 'சரி, ஆரம்பிங்க'ன்னு அனுமதி கொடுக்கறது. இன்டர்வியூல "கோ அஹெட்"னு சொன்னா எந்திரிச்சுப் போயிடாதீங்க.

'ரைட் அஹெட்' இன்னும் சுவாரசியம். 1912 ஏப்ரல் 14 ராத்திரி டைட்டானிக் கப்பல்ல உச்சியில காவலுக்கு நின்ன ஃபிரெடரிக் ஃபிளீட், கீழ போன் பண்ணி சொன்னது "ஐஸ்பெர்க், ரைட் அஹெட்". வலது பக்கம்னு அர்த்தம் இல்ல. நேர் எதிரேன்னு அர்த்தம். இங்க 'ரைட்' வெறும் அழுத்தம்.

நமக்கு இது புதுசு இல்ல. பஸ்ல கண்டக்டர் "போலாம் ரைட்"னு விசிலடிக்கும்போது எந்த டிரைவராவது வலது பக்கம் ஸ்டீரிங்கை ஒடிச்சிருக்காரா? 'ரைட்'னா கிளம்பு, முன்னாடி போ. அதே டிரைவர்கிட்ட ஒருத்தர் "அண்ணே ரைட்ல போங்க"ன்னா வலது பக்கம். ஒரே வார்த்தை, ரெண்டு திசை. குழப்பம் வராததுக்குக் காரணம் வார்த்தை இல்ல, சூழ்நிலை. அந்தச் சூழ்நிலை ரெண்டு பேருக்கும் ஒண்ணா இல்லாம போனாதான் பிரச்சினை.

அந்தப் பெரியவர் சொன்ன நாலு வார்த்தை

இப்போ டீக்கடைப் பெரியவர்கிட்ட வருவோம். அவர் ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லல.

'நேரா'ன்னா கோடு. கண்ணுக்கு முன்னாடி தெரியுற திசையில வளையாம போறது.

'நெடுக'ன்னா நீளத்துக்கு. ஒரு ரோடு, ஒரு கண்மாய்க் கரை, ஒரு சுவர், எது இருக்கோ அதோட நீளத்தைப் பிடிச்சுக்கிட்டு போறது. கரை வளைஞ்சா நீங்களும் வளையணும். 'ரோட்டோட போ'ன்னு சொல்றதும் இதேதான். இங்கிலீஷ்ல இதுக்கு 'ஃபாலோ த ரோடு'. ஸ்ட்ரெய்ட் கிடையாது.

'எதுத்தாப்புல'ன்னா நீங்க வந்து சேர்ற இடத்துல உங்க முகத்துக்கு எதிர்ல. 'எதிர்த்தாற்போல'ங்கறது பேச்சுல தேய்ஞ்சு வந்தது. இது பயணம் இல்ல, முடிவு. 'ஆப்போசிட்'.

'அங்கிட்டு'ன்னா அந்தப் பக்கம். மதுரை, விருதுநகர் பக்கம் பிறந்தவங்களுக்கு 'அங்கிட்டு இங்கிட்டு எங்கிட்டு' மூணும் இல்லாம வாயே திறக்காது. இந்த வார்த்தை கூட கை வரணும். கை நீட்டாம 'அங்கிட்டு'ன்னு சொன்னா அதுல தகவலே இல்ல. அதனால போன்ல வழி சொல்றப்போ 'அங்கிட்டு' சுத்தமா வேலைக்கு ஆகாது. ஆனா நாம எல்லாரும் போன்ல கையை நீட்டிக்கிட்டேதான் வழி சொல்றோம்.

இது போக 'முக்கு' இருக்கு, தெருவோட மூலை. 'விலக்கு' இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து ஒரு ஊருக்குப் பிரியற இடத்துக்கு எங்க பக்கம் விலக்குன்னுதான் பேரு. பஸ்ல கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லி "விலக்கு இறங்கு"ன்னு கத்துவார். சென்னையில வளர்ந்தவங்களுக்கு விலக்குன்னா மதுவிலக்குதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது இறங்குற இடம்.

ஒரு 'நேரா' செஞ்ச வேலை

இப்போ என் கதை.

2011. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்க ஊர் சாத்தூர் – சிவகாசி ரோட்டுல ஒரு விலக்குல இறங்கி தெக்க உள்ள போகணும். என் பெரியம்மா, அம்மாவோட அக்கா, வெடி ஆபீஸுக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க. பட்டாசுத் தொழிற்சாலையை எங்க பக்கம் யாரும் தொழிற்சாலைன்னு சொல்ல மாட்டாங்க. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். காலையில வேன் வரும், தூக்குவாளியோட ஏறுவாங்க.

அன்னைக்கு மதியம் பெரியம்மா இருந்த ரூம்ல மருந்து பத்திக்கிச்சு. மருந்துன்னா ஆஸ்பத்திரி மருந்து இல்ல, பட்டாசுக்குள்ள போடுற ரசாயனக் கலவை. பெரிய வெடி இல்ல, ஒரு பளிச்சு, அவ்வளவுதான். ஆனா அவங்க வலது கையும் கழுத்தும் வெந்துபோச்சு. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் டிவிஎஸ் 50-ல உக்கார வெச்சு எங்க ஊர் நிழற்குடைக்குக் கொண்டு வந்துட்டார். அதுக்கு மேல அந்த வண்டியில போக முடியல. வலியில மயக்கம் வருது.

நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன். கொஞ்ச நேரத்துல டிரைவர் கூப்பிட்டார். "தம்பி, விலக்குக்கு வந்துட்டேன். எப்படி வரணும்?"

நான் சொன்னேன், "நேரா வாங்கண்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். பொறந்ததுல இருந்து அந்த ரோட்டுல போறேன். எனக்கு அது நேர் ரோடு. விலக்குல திரும்பினா ஊர் வந்துரும், நடுவுல திரும்புற வேலையே இல்ல. ஆனா உண்மையில, ஒரு கிலோமீட்டர் தாண்டினதும் தார் ரோடு மெதுவா மேக்க வளையும். அந்த வளைவுல நேர் எதிர்ல ஒரு மண்பாதை பிரிஞ்சு ஓடைப் பக்கம் போகும். வண்டித்தடம் பதிஞ்ச அகலமான பாதை. லாரி போற பாதை.

டிரைவர் நான் சொன்னதைத்தான் செஞ்சார். நேரா போனார். மண்பாதை அவரை ஒரு பூட்டுன கேட்டுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துச்சு. அங்க வண்டியைத் திருப்ப இடம் இல்ல. ரிவர்ஸ்லயே வரணும். அவர் திரும்பக் கூப்பிடும்போது நான் கத்துறேன், "நேரா வாங்கன்னுதானே சொன்னேன்?" அவரும் கத்துறார், "நேராதானே தம்பி வந்தேன்?"

ரெண்டு பேருமே பொய் சொல்லல. அவருக்கு 'நேரா'ன்னா கோடு. எனக்கு 'நேரா'ன்னா 'நெடுக'. நான் நெனச்சது ஒண்ணு, வாயில வந்தது ஒண்ணு.

ஒரு பதினஞ்சு நிமிஷம் போச்சு. நான் வளைவு வரைக்கும் ஓடிப்போய் நின்னு கையைக் காட்டித்தான் வண்டியைக் கூட்டிட்டு வந்தேன்.

பெரியம்மா பிழைச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் இருக்காங்க. வலது கையில ரெண்டு விரல் மடங்காது. அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கும் விரலுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டர் சொன்னார். நான் நம்புறேன். ஆனா அந்த நிமிஷங்கள்ல அவங்க மூச்சு விட்ட சத்தம் எனக்கு இன்னும் கேக்குது.

ஆஸ்பத்திரியில நாலாவது நாள், கட்டுப் போட்ட கையோட படுத்துக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க: "எய்யா, ரோடு மேக்க வளையுது, மண்பாதையில இறங்காதீகன்னு சொல்லிருந்தா முடிஞ்சுபோச்சே."

ஆறாங்கிளாஸ் தாண்டாதவங்க. என்னைவிட ஒழுங்கா வழி சொல்லத் தெரிஞ்சவங்க.

மேக்குன்னா மேல, கெழக்குன்னா கீழ

பெரியம்மா ஏன் 'ரைட்'னு சொல்லாம 'மேக்க'ன்னு சொன்னாங்க? இங்கதான் விஷயம் இருக்கு.

மேற்குங்கற சொல்லோட வேர் 'மேல்'. கிழக்கோட வேர் 'கீழ்'. தமிழ்நாட்டு நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையில ஒசந்து, வங்கக் கடல் பக்கம் சரிஞ்சு இறங்குது. எங்க மாவட்டத்துல இதைக் கண்ணால பார்க்கலாம். சிவகாசியில நின்னு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பார்த்தா மலை. அது மேக்கு, அது மேல. வைப்பாறு மலைப் பக்கம் இருந்து இறங்கி, சாத்தூர் வழியா கெழக்க போய் மன்னார் வளைகுடாவுல சேருது. மழைத் தண்ணி எங்கிட்டு ஓடுதோ அதுதான் கீழ். அதனால திசை தெரியணும்னா காம்பஸ் வேண்டாம், ஓடையைப் பார்த்தா போதும்.

மதுரைக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு 'மேல மாசி வீதி'ன்னா ஏதோ மேட்டுல இருக்குற தெருன்னு தோணும். கோயிலுக்கு மேற்கே இருக்குற தெரு, அவ்வளவுதான். கீழ மாசி வீதி கிழக்க. எங்க மாவட்டத்துல கீழராஜகுலராமன், மேலராஜகுலராமன்னு ஊர்ப் பேரே இருக்கு. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மேலத்தெரு, கீழத்தெரு இருக்கும். இந்தத் தெருப் பேர்கள்ல சாதிக் கதையும் உண்டு. யார் எந்தத் திசையில குடியிருக்கணும்னு ஊர் முடிவு பண்ண கதை. அது தனி எபிசோடுக்கான விஷயம், ஆனா சொல்லாம தாண்டக் கூடாது.

இதுல ஒரு கிளைக் கதை. கேரளாவுல மலை கிழக்க இருக்கு, கடல் மேற்க இருக்கு. நமக்கு நேர் தலைகீழ். ஆனா மலையாளத்துலயும் கிழக்குக்கு 'கிழக்கு'தான். மலை இருக்குற ஒசந்த பக்கத்தை 'கீழ்'னு கூப்பிடறாங்க! மேற்குக்கு அவங்க 'படிஞ்ஞாறு'ன்னு சொல்றாங்க, ஞாயிறு படியற பக்கம், சூரியன் அடையற பக்கம். திருநெல்வேலிச் சீமையில இடையன்குடியில இருந்த ராபர்ட் கால்டுவெல், 1856-ல வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல்ல இதைக் கவனிச்சு எழுதினார். அந்தச் சொல் மலைக்குக் கிழக்கே உருவாகி மலையைத் தாண்டிப் போயிருக்கணும்னு வாதம் பண்ணார். தமிழுக்கும் மலையாளத்துக்கும் என்ன உறவுங்கறதுல இன்னைக்கும் விவாதம் இருக்கு. ஆனா ஒரு திசைச் சொல்லை வெச்சு ரெண்டு மொழியோட வரலாற்றையே பேச முடியுதுங்கறது பெரிய விஷயம்.

உங்க மூளையில எந்த மேப்?

"சரி, மேக்க கெழக்கன்னு பேசறது பழைய பழக்கம். லெஃப்ட் ரைட்டுன்னா ஈஸி"ன்னு தோணலாம். எரிக் பெடர்சன்னு ஒரு மொழியியலாளர் 1990-கள்ல தமிழ் பேசறவங்ககிட்டயே இதைச் சோதிச்சுப் பார்த்தார். தமிழ்ல ரெண்டு கூட்டம் இருக்குன்னு அவர் எழுதினார். கிராமத்துப் பக்கம் பொருள்கள் எங்க இருக்குன்னு சொல்ல வடக்கு, தெற்கைப் பயன்படுத்தறவங்க. நகரத்துப் பக்கம் இடது, வலதைப் பயன்படுத்தறவங்க. மொழி ஒண்ணு, பழக்கம் ரெண்டு.

இந்த மாதிரி ஆய்வுகள்ல ஒரு எளிமையான விளையாட்டு உண்டு. மேஜையில பொம்மை மிருகங்களை வரிசையா வைப்பாங்க. எல்லாம் ஒரு பக்கம் பார்த்து நிக்கும். நீங்க மனப்பாடம் பண்ணிக்கணும். அப்புறம் உங்களை 180 டிகிரி திருப்பி, பின்னாடி இருக்குற இன்னொரு மேஜையில அதே மாதிரி வைக்கச் சொல்வாங்க. முதல் மேஜையில மிருகங்கள் உங்க வலது பக்கம் பார்த்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருந்தீங்கன்னா, ரெண்டாவது மேஜையிலயும் வலது பக்கம் பார்த்து வைப்பீங்க. வடக்க பார்த்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருந்தா, வடக்க பார்த்து வைப்பீங்க. ரெண்டும் எதிரெதிர் விடை. ரெண்டுமே சரி. திசை சொல்லிப் பேசிப் பழகினவங்க பெரும்பாலும் திசையில ஞாபகம் வைக்கறாங்கன்னு பல மொழிகள்ல நடந்த இந்த ஆய்வு சொல்லுது. ஆஸ்திரேலியாவுல கூகு யிமிதிர்னு ஒரு பழங்குடி மொழி, இதுக்குப் பேர்போனது. அங்க இடது வலதே இல்லாம திசையை வெச்சுத்தான் வழி, இடம் எல்லாம் பேசறாங்க.

எங்க பெரியம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. ஆனா சமையல்கட்டுல "உப்பு டப்பா எங்க?"ன்னு கேட்டா "பருப்பு டப்பாவுக்கு வடக்க"ன்னுதான் சொல்வாங்க. எனக்கு வடக்கு எதுன்னு யோசிக்க பத்து செகண்ட் ஆகும். அவங்களுக்கு அது மூச்சு விடற மாதிரி.

கூகுள் மேப் கிளம்பும்போது "ஹெட் சவுத்வெஸ்ட்"னு சொல்லும் பாருங்க. நாம எரிச்சலாகி போனைச் சுத்திச் சுத்திப் பார்ப்போம். பெரியம்மாகிட்ட அதைத் தமிழ்ல சொன்னா, யோசிக்காம கிளம்பிருவாங்க.

வெடி ஆபீஸ்ல 'முன்னாடி', 'எதிரே', 'நோக்கி'

பட்டாசு வேலையில திசை வெறும் வழி சொல்ற விஷயம் இல்ல. கட்டடம் கட்டுறதுல இருந்து ஆள் உக்கார்ற வரைக்கும் அதுதான் கணக்கு.

ரூம்கள் ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கணும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது விதி. விபத்து நடந்த இடங்கள்ல ஆய்வு பண்ணும்போது அதிகமா அடிபடற விதியும் இதுதான். லைசென்ஸ் கொடுக்கறதுலயே எங்க ஊர்ல ஊர்ப் பேரு புழங்கும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போட தலைமை அலுவலகம் நாக்பூர்ல, அதுக்கு அடுத்த அலுவலகம் சென்னையில, சின்ன யூனிட்டுக்கு மாவட்ட நிர்வாகம். லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, வேலையை எடுத்துச் செய்யறது இன்னொருத்தர்னு ஆகும்போது அதுக்குப் பேரு உள்குத்தகை. அப்போ ரூம் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் காத்துல பறக்கும்.

பெரியம்மா என்கிட்ட சொன்ன ஒரு விஷயம்: "நான் எப்பவும் வாசலப் பாத்துத்தான் ஒக்காருவேன். எனக்கு முன்னாடி வாசல் இருக்கணும்." அன்னைக்குப் பளிச்சுன்னதும் அவங்க திரும்பவே இல்ல. எந்திரிச்சு நேரா ஓடினாங்க. முகம் பார்த்த பக்கமே வழி. 'ஸ்ட்ரெய்ட்'டும் 'அஹெட்'டும் ஒரே கோட்டுல இருந்துச்சு. அதனாலதான் கையும் கழுத்தோடவும் போச்சு.

'எதிரே'ங்கற வார்த்தைக்கு சட்டத்துலயே இடம் இருக்கு. தீபாவளிக்கு மைதானத்துல தற்காலிகப் பட்டாசுக் கடை போடறாங்க இல்லையா? 2008-ஆம் வருஷ வெடிபொருள் விதிகள்படி அந்தக் கடைகள் ஒண்ணுக்கொண்ணு குறைஞ்சது 3 மீட்டர் தள்ளி இருக்கணும். பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்கள்ல இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். முக்கியமா, கடைகள் ஒண்ணையொண்ணு பார்த்த மாதிரி, அதாவது எதிரெதிரா இருக்கக் கூடாது. ஒரே இடத்துல 50 கடைக்கு மேல கூடாது. ஏன் எதிரெதிரா கூடாது? ஒரு கடை பத்திக்கிட்டா தீ வாசல் வழியா வெளிய பாயும். எதிர்ல இன்னொரு வாசல் திறந்திருந்தா? அடுத்த தடவை பட்டாசு வாங்கப் போகும்போது கடை வாசல் எதைப் பார்த்து இருக்குன்னு ஒரு செகண்ட் பாருங்க.

அடுத்தது 'நோக்கி'. இங்கிலீஷ்ல 'டுவர்ட்ஸ்'. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. ஒரு பட்டாசு ஆலையில தீப்பிடிச்சுது. புகையைப் பார்த்து பக்கத்து ஊர்க்காரங்க அதை நோக்கி ஓடி வந்தாங்க. உதவி பண்ண வந்தவங்க, சொந்தக்காரங்களைத் தேடி வந்தவங்க, என்னன்னு பார்க்க வந்தவங்க. அப்புறம்தான் பெரிய வெடிப்பு. 30-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதுல நிறையப் பேர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்ல.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. உள்ள அக்கா இருக்கா, மகன் இருக்கான்னா யார்தான் வேற பக்கம் ஓடுவாங்க? ஆனா எங்க ஊர் பெருசுங்க அதுக்கப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கறது ஒண்ணுதான்: சத்தம் கேட்டா சத்தத்துக்கு முதுகு காட்டு. தமிழ்ல 'விலகி'ன்னு ஒரு சொல் இருக்கு, 'அவே ஃப்ரம்'. விலக்கு, விலகு, விலகிப் போ. ரோடு பிரியற இடத்துக்கும் உயிர் தப்பற வழிக்கும் ஒரே வேர்.

அப்போ எப்படித்தான் வழி சொல்றது?

பெரியம்மாகிட்ட கத்துக்கிட்டதை நாலா சுருக்கித் தர்றேன். டெலிவரி பண்ற தம்பிக்கும் இது உதவும், ஆம்புலன்ஸுக்கும் உதவும்.

ஒண்ணு, 'நேரா' மட்டும் சொல்லாதீங்க. எது வரைக்கும் நேரான்னு சொல்லுங்க. "தரைப்பாலம் வரைக்கும் நேரா." இங்கிலீஷ்ல 'ஸ்ட்ரெய்ட் ஆன் அன்டில்'. அந்த 'அன்டில்' இல்லாத 'ஸ்ட்ரெய்ட்'டுக்கு முடிவே கிடையாது.

ரெண்டு, பிரியற இடத்தைச் சொல்லுங்க. அதுலயும், போகக் கூடாத பாதையையும் சேர்த்துச் சொல்லுங்க. "மண்பாதை ஒண்ணு வரும், அதுல இறங்காதீங்க, தார் ரோட்டோடயே வாங்க." நமக்குப் பழகின ரோட்டுல நம்ம கண்ணுக்குத் தெரியாத பிரிவுதான் புதுசா வர்றவருக்கு முதல்ல தெரியும்.

மூணு, 'லெஃப்ட் ரைட்'டோட திசையையும் சேர்த்துக்கோங்க. லெஃப்ட்டு எந்தப் பக்கம் இருந்து வர்றாருங்கறதைப் பொறுத்து மாறும். அவர் சாத்தூர்ல இருந்து வந்தா லெஃப்ட், சிவகாசியில இருந்து வந்தா அதே இடம் ரைட். மேக்கு யாருக்காகவும் மாறாது. அதனால முதல் கேள்வியே "எங்கிட்டு இருந்து வர்றீங்க?"ன்னு இருக்கணும். 108-க்குக் கூப்பிட்டா மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்துல என்ன அடையாளம்னு கேப்பாங்க. பதட்டத்துல "சீக்கிரம் வாங்க"ன்னு மட்டும் கத்தாம, இதைச் சொல்லிப் பழகி வைங்க.

நாலு, முடிஞ்சா முக்குல ஒரு ஆளை நிறுத்துங்க. லொகேஷன் அனுப்புங்க, தப்பில்ல. ஆனா மேப் காட்டுற கடைசி இருநூறு மீட்டரை நம்பாதீங்க. கையை நீட்டி "அங்கிட்டு"ன்னு சொல்ல ஒரு மனுஷன் நின்னா அந்த வார்த்தைக்கு அப்போதான் அர்த்தம் வருது.

கடைசியா

'நேர்'ங்கற சொல்லுக்குத் தமிழ்ல நிறையக் குழந்தைங்க. நேர்மை, நேர்காணல், நேர்த்தி. இங்கிலீஷ்லயும் 'ஸ்ட்ரெய்ட்'டான ஆளுன்னா ஒளிவு மறைவு இல்லாத ஆள்தான். 'விபத்து நேர்ந்தது'ன்னு பேப்பர்ல போடுவாங்க. அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். யாரும் எதுவும் செய்யாம, தானா நேரா வந்து நின்னுட்ட மாதிரி இருக்கும். ரூம்ல நாலு பேருக்குப் பதிலா எட்டுப் பேரை உக்கார வெச்சா அது நேர்றது இல்ல. நான் போன்ல ஒரு வார்த்தையைத் தப்பா சொன்னதும் நேர்ந்தது இல்ல. அதைச் செஞ்சது நான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த வளைவுல ஒரு போர்டு நட்டிருந்தாங்க. ஊர்ப் பேரு, பக்கத்துல மேக்க பார்த்து ஒரு அம்புக்குறி. யாரு வெச்சதுன்னு விசாரிச்சேன். எங்க பெரியப்பா. ஒரு பழைய தகரத்துல பெயின்ட் அடிச்சு அவரே நட்டிருக்கார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனா அம்பு சரியான பக்கம் காட்டுது.

உங்க ஊர்ல 'ஸ்ட்ரெய்ட்டா போ'ங்கறதுக்கு என்ன சொல்வீங்க? கொங்கு நாட்டுல, நாஞ்சில் நாட்டுல, யாழ்ப்பாணத்துல, மலேசியாவுல? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடறேன். அனுப்பும்போது கையை நீட்டிப் பேசாதீங்க, எனக்குத் தெரியாது.

போலாம், ரைட்.